விமான பவர் கன்வெர்ட்டரும் பழுது மின்னோட்டமும்: பாதுகாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானத்தின் கருவிகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் பொது மின்வழியான 270 வோல்ட் டிசி பஸ்ஸில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால் முதலில் பாய்வது ஜெனரேட்டரின் மின்னோட்டம் அல்ல, மின்சாரத்தின் வடிவத்தை மாற்றித் தரும் கன்வெர்ட்டருக்குள், வோல்ட்டேஜைச் சீராக வைக்க இருக்கும் டிசி லிங்க் கெபாசிட்டரின் மின்னோட்டம். ஆனால் பாதுகாப்புக் கணக்குகள் பெரும்பாலும் ஜெனரேட்டரில் இருந்துதான் தொடங்குகின்றன. பின்னால் வரும் பல தவறுகளுக்கு வேர் இதுவே.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கெபாசிட்டர் 500 மைக்ரோ ஃபாரட், பழுது நேர்ந்த இடம் வரை கேபிளின் இண்டக்டன்ஸ் 5 மைக்ரோ ஹென்றி. கெபாசிட்டன்ஸை இண்டக்டன்ஸால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, வோல்ட்டேஜால் பெருக்கினால் உச்ச மின்னோட்டம் 2,700 ஆம்பியர். அது வந்துசேர எடுக்கும் நேரம் சுமார் 79 மைக்ரோ செகண்ட். கேபிளின் மின்தடை உச்சத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். மெக்கானிக்கல் காண்டாக்டர் (சுற்றைப் பிரிக்கும் பெரிய ஸ்விட்ச்) திறக்கப் பல மில்லி செகண்ட் ஆகும். அதற்குள் கெபாசிட்டர் முழுதும் காலியாகி, ஆட்டம் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும்.

அந்த அடுத்த கட்டத்தில்தான் இரண்டாவது தவறு: செமிகண்டக்டர் ஸ்விட்ச்களை இயக்கும் கேட் சிக்னலை நிறுத்திவிட்டால் கன்வெர்ட்டர் தப்பிவிடும் என்ற நம்பிக்கை. கெபாசிட்டர் காலியானதும், கேபிளில் தேங்கிய ஆற்றல் ஸ்விட்ச்களுக்கு இணையாக இருக்கும் டையோடுகள் வழியே சுழலும். ஏசி பக்கத்தில் இருந்து மின்சாரம் வாங்கும் ஆக்டிவ் ரெக்டிஃபையராக இருந்தால், ஜெனரேட்டரும் அதே டையோடுகள் வழியே பழுதுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். எந்த கேட் கட்டளையும் டையோடை அணைக்காது. ஆகவே ஃபியூஸோ பிரேக்கரோ துண்டிக்கும் வரை கடக்கவிடும் மின்னோட்ட வர்க்கம் பெருக்கல் நேரம் என்ற அளவு, டையோடு தாங்கும் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ஃபியூஸ் தீ பரவாமல் காக்கும், டையோடைக் காக்காது. நிரந்தரக் காந்த ஜெனரேட்டர் என்றால் இன்னும் கவனம் தேவை. காந்தப் புலத்தை அணைக்க வழியில்லாததால், ரோட்டார் சுற்றும் வரை பழுதுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அதைத் துண்டிக்க ஏசி பக்கத்தில் தனி வழி வைத்தே ஆக வேண்டும்.

கேட் டிரைவர்

ஐஜிபிடி என்ற சிலிக்கான் ஸ்விட்சுக்காக வடிவமைத்த கேட் டிரைவரை, அதாவது கேட் சிக்னல் தரும் சுற்றை, அப்படியே சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் என்ற வேறு வகை ஸ்விட்சுக்குப் பயன்படுத்துவது பரவலான தவறு. ஐஜிபிடி பொதுவாக 10 மைக்ரோ செகண்ட் வரை ஷார்ட் சர்க்யூட்டைத் தாங்கும். சிலிக்கான் கார்பைடு பெரும்பாலும் 2, 3 மைக்ரோ செகண்டுதான். ஸ்விட்சின் குறுக்கே வோல்ட்டேஜ் உயர்வதை வைத்துப் பழுதைக் கண்டறியும் டிசாச்சுரேஷன் சுற்றின் பிளாங்கிங் நேரமே (ஸ்விட்ச் இயங்கியதும் அந்தச் சுற்று எதையும் பார்க்காமல் காத்திருக்கும் நேரம்) 4 மைக்ரோ செகண்ட் என்றால், பழுதைக் கண்டறிவதற்கு முன்பே சிப் போய்விடும். சிப்பின் உள்ளே இருக்கும் ஜங்ஷனின் சூடும் பஸ் வோல்ட்டேஜும் உயர உயரத் தாங்கும் நேரம் இன்னும் சுருங்கும். அறை வெப்பநிலையில் எடுத்த அளவை நம்ப வேண்டாம்.

வேகமாக அணைப்பதிலும் ஆபத்து உண்டு. இணைப்புகளில் தானாகவே இருக்கும் 40 நானோ ஹென்றி சிதறல் இண்டக்டன்ஸில் மின்னோட்டம் மைக்ரோ செகண்டுக்கு 10,000 ஆம்பியர் வீதம் சரிந்தால் 400 வோல்ட் கூடுதலாக எழும். 270 வோல்ட் பஸ்ஸில் அது 670 வோல்ட் ஆகிறது. 650 வோல்ட் சிப் அதைத் தாங்காது. விரைவாகக் கண்டறிந்து, மென்மையாக அணைக்க வேண்டும்.

பிரேக்கருக்குப் பதிலாக செமிகண்டக்டர் ஸ்விட்சால் துண்டிக்கும் சாலிட் ஸ்டேட் பவர் கன்ட்ரோலர்களிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. மேலே சொன்ன பஸ்ஸில் 20 மைக்ரோ செகண்டில் துண்டித்தால் மின்னோட்டம் சுமார் 1,050 ஆம்பியர், கேபிளில் இருக்கும் ஆற்றல் சுமார் 2.8 ஜூல். ஸ்விட்சின் குறுக்கே வோல்ட்டேஜ் எகிறாமல் பிடிக்கும் கிளாம்ப் போடுபவர்கள் இந்த 2.8 ஜூலை மட்டும் வைத்துத் தேர்வு செய்கிறார்கள். கிளாம்ப் வேலை செய்யும் நேரத்திலும் பஸ் ஆற்றலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். 500 வோல்ட் கிளாம்ப் என்றால் அது உறிஞ்ச வேண்டியது ஏறத்தாழ இரு மடங்கு.

யார் முதலில் துண்டிப்பது

115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர்கள் ஷார்ட் சர்க்யூட்டில் தங்கள் வழக்கமான முழு அளவைப் போல மூன்று மடங்கு மின்னோட்டத்தைச் சில விநாடிகள் தருமாறு வடிவமைக்கப்படுவது வழக்கம். கீழே இருக்கும் தெர்மல் பிரேக்கர் டிரிப் ஆவதற்கு அந்த அளவு வேண்டும். அதே இடத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் தராத கன்வெர்ட்டரை வைத்தால், சிறிய லோடு ஒன்றின் பழுதுக்கு அதன் பிரேக்கர் பல விநாடிகள் திறக்காது. அதுவரை பஸ் வோல்ட்டேஜ் சரிந்து, நல்ல நிலையில் உள்ள லோடுகளும் அணைந்துவிடும். கன்வெர்ட்டரின் மின்னோட்ட வரம்பையும் கீழ்நிலைப் பிரேக்கர்களின் வளைவையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்க்காமல் எதையும் இறுதி செய்யக்கூடாது. இதன் மறுபக்கமும் நடக்கும்: பக்கத்து ஃபீடரின் (பஸ்ஸில் இருந்து பிரியும் மின்வழியின்) பழுதுக்கு, நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டரின் கெபாசிட்டர் மின்னோட்டத்தைக் கொட்ட, அதன் பிரேக்கரே டிரிப் ஆகிவிடும். மின்னோட்டத்தின் திசையையும் பார்க்கும் பாதுகாப்பு அல்லது தடுப்பு டையோடு இதற்குத் தீர்வு.

ஏசி பிரேக்கரை டிசியில் போடுவது பழைய தவறு, இன்றும் நடக்கிறது. 400 ஹெர்ட்ஸில் 1.25 மில்லி செகண்டுக்கு ஒரு முறை மின்னோட்டம் சுழியைத் தொடும், பிரேக்கர் திறக்கும்போது இடைவெளியில் எழும் மின்பொறியான ஆர்க் அணையும். டிசியில் அந்த வாய்ப்பு இல்லை. 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே, ஆர்க்கை அணைப்பது இன்னும் கடினம். எந்த அழுத்தத்தில், எந்த இடைவெளியில் எத்தனை வோல்ட்டில் பொறி பறக்கும் என்று காட்டும் பாஷென் வளைவின் மிகக் குறைந்த புள்ளி காற்றில் சுமார் 327 வோல்ட். பிளஸ் மைனஸ் 270, அதாவது 540 வோல்ட் பஸ், அதற்கு மேலே இருக்கிறது.

தொடக்கத்தில் கெபாசிட்டரை மெதுவாக நிரப்ப உதவும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டரைப் பலர் கவனிப்பதில்லை. மேலே சொன்ன கெபாசிட்டரை நிரப்பும்போது 27 ஓம் ரெசிஸ்டரில் செலவாவது சுமார் 18 ஜூல். பஸ் ஷார்ட்டாக இருந்தாலோ அதில் தொடர்ந்து 2,700 வாட் எரியும், 7 மில்லி செகண்டில் அந்த 18 ஜூலைத் தாண்டிவிடும். தொடங்கிய 15 மில்லி செகண்டில் வோல்ட்டேஜ் பாதியைக்கூட எட்டவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

தொடர் ஆர்க், அதாவது லோடுக்குத் தொடராக உள்ள வயரிலோ தளர்ந்த இணைப்பிலோ எழும் ஆர்க், வேறு வகை. அதில் மின்னோட்டம் அதிகரிக்காது, குறையும். ஓவர்கரண்ட் பாதுகாப்பின் கண்ணுக்கு அது படவே படாது. 1998இல் 229 உயிர்களைப் பறித்த சுவிஸ்ஏர் 111 விபத்தை ஆராய்ந்த கனடா போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த விமானத்தில் இருந்த வகை பிரேக்கர்களால் எல்லா விதமான வயர் ஆர்க்கிங்கையும் தடுக்க முடியாது என்று பதிவு செய்தது. ஆர்க்கைக் கண்டறியும் தனி அல்காரிதம் வேண்டும். டிரிப் ஆன சுற்றைத் தானாக மீண்டும் மீண்டும் இணைத்துப் பார்க்கும் வசதியை மென்பொருளில் வைக்கவே கூடாது. ஒவ்வொரு முயற்சியும் கருகிய இன்சுலேஷனை இன்னும் கருக்கும்.

சோதனையில் செய்யும் தவறு: மின்னோட்ட வரம்புள்ள ஆய்வகப் பவர் சப்ளையும் ஒரு மீட்டர் கேபிளும் வைத்து ஷார்ட் செய்து பார்ப்பது. பஸ்ஸின் முழு கெபாசிட்டன்ஸ், விமானத்தில் உள்ள கேபிள் நீளம், உச்ச பஸ் வோல்ட்டேஜ், உச்ச ஜங்ஷன் வெப்பநிலை நான்கையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். கன்வெர்ட்டரின் முனையிலேயே ஒரு ஷார்ட், கேபிளின் கடைசி முனையில் ஒரு ஷார்ட் என இரண்டையும் செய்யுங்கள்: முதலாவது உச்ச மின்னோட்டத்தைக் காட்டும், இரண்டாவது துண்டிக்கும்போது உறிஞ்ச வேண்டிய ஆற்றலைக் காட்டும்.