கச்சான் சரையும் சம்பளப் பாக்கியும்

மென்பொருள் நிறுவனம் தொடங்கிய புதிதில், யாழ்ப்பாணத்தில் என்னைப் போன்றவர்களை ஒன்றுசேர்க்க மண்டபம் எடுத்தேன்; வரவேற்புரையும் நானே. எல்லோரும் "நன்றாகப் போகிறது" என்றார்கள், விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டு கலைந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு மூன்றே பேர். (மிஞ்சிய வடையை நாங்களே தின்று முடித்தோம்.)

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. வேலை ஓடாமல் சைக்கிளில் பண்ணைக் கடற்கரைக்குப் போனேன். அந்த மூவரில் ஒருவர் கடதாசிச் சரையில் கச்சான் கடலையுடன் கற்கட்டில் இருந்தார். "இந்த மாதச் சம்பளம் கொடுக்கக் காசில்லை அண்ணை" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, சரையை நீட்டினார். "வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய காசு நிற்கிறதா? பேபால் என்ற இணையப் பணச் சேவையில் இங்கே பணம் பெற முடியாது தம்பி, அதைப் போன்ற பேயோனியரில் கணக்குத் திற" என்றார். வாடிக்கையாளருக்கு எழுதவேண்டிய கடிதத்தையும் அங்கேயே வரி வரியாகச் சொல்லித் தந்தார்.

அன்றிலிருந்து ஞாயிறு மாலை அங்கேதான். தலைவர் இல்லை, உரை இல்லை. அந்த வாரம் சறுக்கியதை முதலில் சொல்பவருக்குக் கச்சான் இலவசம். இப்போது ஒன்பது பேர். மழை என்றால் தேநீர்க் கடை. ஒருவருடைய ஊழியரை மற்றவர் இழுக்கக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. அதுவும் ஒரு சண்டைக்குப் பிறகு வந்ததுதான்.