டெபாசிட் கம்பெனி பணம் தராதபோது நாம் செய்யும் தவறுகள்

2025 ஜனவரியில், அறக்கட்டளை என்ற பெயரில் பணம் வசூலிக்கிறார்கள் என்ற புகாரை விசாரிக்க, சேலம் அம்மாபேட்டையில் ஒரு திருமண மண்டபத்துக்குப் போலீசார் போனார்கள். அங்கே கூடியிருந்தவர்கள் அவர்களை உள்ளே விடாமல் தடுத்தார்கள், கைகலப்பும் நடந்தது. போலீஸ் கை வைத்தால் கம்பெனியை மூடிவிடுவார்கள், போட்ட பணம் போய்விடும் என்ற பயம் சேலத்தில் பலருக்கு இருக்கிறது. பணத்தைத் திரும்ப வரவிடாமல் செய்வதும் பெரும்பாலும் அந்தப் பயம்தான்.

முதலில், பணம் போடும்போதே நடக்கும் ஒரு தவறு. "பதிவு செய்த கம்பெனிதானே?" என்று கேட்கிறோம். சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டுகிறார்கள். அது கம்பெனிப் பதிவாக இருக்கலாம், டிரஸ்ட் பதிவாகவோ ஜிஎஸ்டி பதிவாகவோ இருக்கலாம். அவற்றில் எதுவும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதற்கான அனுமதி ஆகாது. ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களிலும் எல்லாமே டெபாசிட் வாங்க முடியாது. எதற்கு அனுமதி உண்டு என்பதை ரிசர்வ் வங்கியின் 'சாசெட்' இணையதளத்தில் பார்க்கலாம். ஏலச்சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி அந்தச் சீட்டே பதிவாகியிருக்க வேண்டும், கம்பெனி பதிவானது மட்டும் போதாது. நகைக்கடைச் சீட்டு 11 மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு. பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் ஈடுகட்டாவிட்டால் கம்பெனி விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும். இரண்டு வருடம், மூன்று வருடம் என்று நகைச்சீட்டு நீளுகிறதென்றால் அப்போதே உஷாராகுங்கள்.

சரி, பணம் போட்டாயிற்று, வட்டி நின்றுவிட்டது. பெரிய தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

ஏஜென்ட் வீட்டுக்கு வருவார். "பாண்டைக் கொடுங்க அக்கா, புதுப்பிச்சு வட்டியும் சேர்த்துப் போட்டுத் தர்றோம்" என்பார். தெரிந்த முகம், பல நேரம் சொந்தக்காரர். கம்பெனி தந்த டெபாசிட் பத்திரத்தை, அந்த அசல் பாண்டை, எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். தயவுசெய்து கொடுக்காதீர்கள். கையில் இருக்கும் முதல் ஆதாரமே அதுதான், ஜெராக்ஸ் கொடுத்தால் போதும். ரொக்கமாகக் கட்டியிருந்தால் ரசீது, ஏஜென்ட் கையெழுத்துப் போட்ட நோட்டு, வாட்ஸப் செய்தி, வட்டி வந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பாண்டுக்குப் பதிலாகச் செக் தருகிறேன் என்றாலும் யோசியுங்கள். செக்கின் ஆயுள் 3 மாதம். பணமில்லாமல் திரும்பினால், வழக்குப் போடுவதற்கு முன், வங்கி தகவல் சொன்ன 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தே அந்தக் கெடுவைத் தாண்ட வைத்துவிடுவார்கள்.

அப்புறம், காத்திருப்பது. "புகார் கொடுத்தவங்களுக்குப் பணம் கிடையாது" என்று பணம் போட்டவர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு ஆடியோ வரும். உண்மை நேர்மாறானது. தமிழ்நாட்டில் 1997 முதல் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் இருக்கிறது. கோர்ட் வட்டாரத்தில் 'டான்பிட்' என்பார்கள். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதி செய்துவிட்டது. அதன்படி கம்பெனிச் சொத்தை அரசு முடக்கலாம். அது போதாவிட்டால் நடத்தியவர்கள், பங்குதாரர்கள், இயக்குநர்கள் பெயரில் உள்ள சொத்தையும் முடக்கலாம். நீங்கள் பொறுமையாக இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த நிலமும் வீடும் வேறு பெயருக்கு மாற வாய்ப்பு. பணம் கட்டினால் ஈமு கோழி வளர்க்கத் தந்து மாதாமாதம் பணமும் தருவோம் என்ற திட்டங்கள் 2012இல் கவிழ்ந்தபோது பறவைகளுக்குத் தீவனம் போடும் வேலையே கடைசியில் அரசின் தலையில் விழுந்தது. கோழியை நம்பிக் காத்திருந்தவர்களுக்கு அதிலிருந்து என்ன மிஞ்சியிருக்கும்?

புகாரை எங்கே கொடுப்பது என்பதிலும் அலைச்சல். டெபாசிட் மோசடியை விசாரிப்பது காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு, அதற்குச் சேலத்திலேயே பிரிவு உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவும் அங்கே போய்ச் சேரலாம், ஆனால் நேராகப் போவதே நல்லது. ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து இறங்கி வருகிறவருக்கு ஒவ்வொரு வீண் பயணமும் ஒரு நாள் கூலி. வங்கியோ பதிவான நிதி நிறுவனமோ உங்களுக்குக் குறை செய்தால் அது வேறு வழி: முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

கட்டிய தொகையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். வருமான வரிக்குப் பயந்து பாதியை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முடக்கிய சொத்தை விற்றுப் பங்கு பிரிக்கும்போது, பணம் போட்டவர்களின் பட்டியலில் உள்ள தொகைதான் கணக்கு. உறவினர்களைச் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கியவர்கள் ஒளிந்துகொள்வதும் தவறுதான். வழக்கில் ஏஜென்ட்களும் குற்றவாளிகளாகச் சேர்க்கப்படுவது உண்டு. முன்வந்து கணக்கைக் கொடுப்பது அவர்களுக்கும் நல்லது, அவர்களை நம்பிப் பணம் கட்டியவர்களுக்கும் நல்லது.

கைது நடந்ததும் பணம் வந்துவிடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. டான்பிட் சட்டத்தில் 10 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் தண்டனை ஒரு வேலை, பணம் திரும்புவது வேறொரு வேலை. அரசு சொத்தை முடக்கி ஆணையிட வேண்டும். வழக்கமாக மாவட்ட வருவாய் அலுவலர்தான் இதற்குப் பொறுப்பு அதிகாரி, அவர் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போய் அந்த ஆணையை உறுதிப்படுத்த வேண்டும். பிறகு ஏலம், பிறகு விகிதப்படி பங்கு. கிடைப்பது முழுத் தொகையாக இருக்காது, வருடங்களும் ஆகும். இடையில் யாராவது வந்து "உங்க பங்கை இப்பவே பாதி விலைக்கு வாங்கிக்கிறேன்" என்றால், விசாரணை அதிகாரியைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இத்தனை வருடத்தில் போன் நம்பர் மாறும், வீடு மாறும், வங்கிக் கணக்கும் மாறும். மாறியதை விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். பணம் கட்டிய அப்பா, அம்மா இறந்துவிட்டால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொடுத்து உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பங்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.