நீலகிரியில் குழுவாகச் சைக்கிள் ஓட்டும்போது ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால்

மேட்டுப்பாளையத்தில் ஏறத் தொடங்கி, குன்னூர், உதகை, பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் வரை நான்கைந்து நாள் குழுவாகச் சைக்கிளில் செல்பவர்கள் பஞ்சர் ஒட்டும் சாமான்களை மறப்பதில்லை. ஆனால் ஒருவர் படுத்துவிட்டால் அவருடன் யார் தங்குவது என்பதைப் பெரும்பாலும் பேசி வைப்பதில்லை. அதைப் புறப்படுவதற்கு முந்தைய இரவே முடிவு செய்துவிட வேண்டும். தம்மால் மற்றவர்களின் பயணம் கெட்டுவிடுமே என்ற கூச்சத்தால்தான் பலர் நோயை மறைக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் குன்னூரில் இரவெல்லாம் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டு, காலையில் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தார். எல்லநள்ளியை எட்டுவதற்குள் கண் இருட்டிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். அவருடன் யார் நிற்பது என்று முடிவு செய்யவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அன்று முதல், உடன் தங்குபவரின் பெயரை நாளுக்கு ஒருவராக எழுதி வைத்துக்கொள்கிறோம். ஆள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருப்பதால், முடியவில்லை என்று சொல்ல யாருக்கும் தயக்கம் வருவதில்லை.

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தருகிறது என்பதால், அங்கே தலைவலியும் மயக்கமும் வந்தால் முதலில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், எவ்வளவு நீர் இழந்தோம் என்பது தெரிவதில்லை, தாகமும் எடுப்பதில்லை. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை. மாவட்டத்தில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், ஆளுக்கு இரண்டு நல்ல பாட்டில்களைக் கொண்டுசென்று, சாலையோரக் குடிநீர் இயந்திரங்களைக் காணும்போதெல்லாம் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து, வாந்தி இருந்தாலும் சிறு சிறு மிடறாகக் குடிக்கச் செய்ய வேண்டும். பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு சமமட்ட டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். கஞ்சியும் மோரும் நல்லவை; மலைக்கு வந்துவிட்டு மொறுமொறுப்பான வர்க்கி பிஸ்கட்டும் தேநீரும் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது, ஆயினும் அவை வயிறு அடங்கும் வரை காத்திருக்கட்டும்.

காய்ச்சல் உள்ளவர் எந்நிலையிலும் மிதிக்கக் கூடாது. காய்ச்சலோடு உடலை வருத்துவது இதயத் தசையைப் பாதிக்கக்கூடும். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்க வேண்டாம், ஏனெனில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை இரத்தக்கசிவை அதிகமாக்கலாம். மாத்திரை இல்லாமலேயே ஒரு முழுநாள் காய்ச்சல் வராதிருந்த பின்னரே மறுபடி வண்டியைத் தொடலாம்.

ஏற்றத்தில் முடியாதவர் தானாக நின்றுவிடுவார், இறக்கம்தான் ஆபத்தானது. தலைசுற்றலோடு குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்து இறங்குவது நடக்கக்கூடிய காரியம் அன்று. அவரைப் பேருந்திலோ வாடகைக் காரிலோ அனுப்பிவிட்டு, சைக்கிளை மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி கொண்டுபோகும் பிக்கப் வேனில் ஏற்றிவிடலாமா என்று ஓட்டுநரிடம் கேட்டுப் பார்க்கலாம். யானை நடமாடும் சாலைகளில் நோயாளியை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது.

மார்பு இறுக்கம், சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், மலத்தில் இரத்தம், அரை நாளாகச் சிறுநீர் இல்லாமை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழைத்து, அருகிலுள்ள வளைவின் எண்ணையோ கிலோமீட்டர் கல்லையோ சொல்ல வேண்டும். சிக்னல் கிடைக்காத இடமென்றால் ஒருவர் உடன் இருக்க, மற்றொருவர் சிக்னல் வரும் இடம் வரை சென்று அழைக்க வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு இரண்டு, மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மலையில் புதரும் புல்லும் உள்ள இடங்களில் உட்கார்ந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அத்தகைய இடங்களில் உள்ள சிற்றுண்ணிகள் கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சலின் (ஸ்க்ரப் டைபஸ்) அடையாளமான கறுத்த சிறு புண், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ வலியின்றி மறைந்திருக்கக்கூடும்.