புஞ்சைக் காட்டில் எளிய வேளாண்மை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகம் நெல் விளையும் வயல்களைப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிச் சீமை முழுவதற்கும் திட்டம் போடுவதுதான் முதல் தவறு. மானூர், நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்து மானாவாரி நிலங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பியிருக்கின்றன. அங்குள்ள சிறு விவசாயியிடம் செலவில்லாத முறை என்று எதைச் சொன்னாலும், அது யாருடைய உழைப்பையும் தண்ணீரையும் நிலத்தையும் கேட்கிறது என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

பண்ணைக்குட்டையை எல்லா ஊருக்கும் ஒரே அளவில் வெட்டுகிறார்கள். கரிசல் களியில் தேங்கும் நீர், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் தேங்காது. வெட்டுமுன் அதே இடத்தில் இடுப்பளவு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். முதல் நாள் ஊற்றுவதைக் காய்ந்த மண்ணே குடித்துவிடும் என்பதால், மறுநாள் மீண்டும் ஊற்றி, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதே சரியான சோதனை. நிற்கவில்லை என்றால் குட்டையை விட்டுவிட்டு, மழைநீர் நிலத்தில் இறங்கிப் பக்கத்துக் கிணறு ஊறும்படி வரப்பை உயர்த்தலாம். வரப்பிலும், மிகுந்த நீர் வெளியேறக் கல் பாவிய ஒரு கழிவாய் விடாவிட்டால் முதல் பெருமழையே அதை உடைத்துவிடும்.

குளத்து வண்டல் அருமையான உரம். ஆனால் அள்ளும் விதத்தில் குளமே கெட்டுப்போகிறது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் தேங்கும் நீர் மடை வழியாக வயலுக்கு ஏறாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனப்படும். அடியிலுள்ள களிப்படுகை கிழிந்தால் குளம் ஒழுகும். மேல் வண்டலை மட்டும், கரையிலிருந்து தள்ளி, பரவலாக எடுக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலக அனுமதியோடு, அந்தக் குளத்தின் மடை திறக்கும் நீர்பாய்ச்சியையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. எந்த மூலையில் உவர் பூக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். உவர் வண்டலைக் காட்டில் கொட்டினால் முளைப்பே கெடும்.

மண்ணின் ஈரம் காக்கக் காய்ந்த தட்டையைப் பரப்பும் மூடாக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றில் பரப்பிய தட்டை நிற்பது கடினம். அதைவிட, சோளத்தட்டை இங்கே மாட்டுத் தீவனம். மாட்டின் வாயிலிருந்து பிடுங்கி மண்ணுக்குப் போடச் சொல்லும் யோசனை எந்த வீட்டிலும் செல்லாது.

சாண எரிவாயுக் கலனில் நடப்பது இன்னும் வெளிப்படையான தவறு. 2 கனமீட்டர் கலனுக்கு நாள்தோறும் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். மாடு ஒன்றுக்குப் 10 கிலோ என்று வைத்தால் ஐந்து மாடுகள் தேவை. சாணத்தின் அளவுக்கே தண்ணீரும் ஊற்றிக் கரைக்க வேண்டும். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுக் குழாயில் குடம் வைத்து நிற்கும் பெண்ணுக்கு, விறகுச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லித் தண்ணீர்ச் சுமையை ஏற்றிவிடுகிறோம். இரண்டு ஆடும் ஒரு பசுவும் உள்ள வீட்டுக்குப் புகை குறைந்த அடுப்பே பொருந்தும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நிலம் யாருடையது என்று கேளாமல் மண்வளம் பேசுவது. எருவுக்காக இரவில் ஆடுகளை நிலத்தில் அடைக்கும் ஆட்டுக்கிடை போட, மந்தையை நடத்தும் கீதாரிக்கு இரவுக் கூலி தர வேண்டும். கிடை மாறியவுடன் உழுதுவிடாவிட்டால் தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். இத்தனை செலவும் வேலையும் பலன் தருவது ஓரிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளும். வாய்ப்பேச்சாக ஓராண்டுக் குத்தகைக்கு உழுகிறவர், மண் தேறிய பிறகு நிலக்காரர் திருப்பிக் கேட்டால் என்ன செய்வார்? அவர் யூரியா மூட்டையை நாடுவதை அறியாமை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆண்டின் விளைச்சல் மட்டுமே அவருடையது. ஆகவே ஆட்டுக்கிடைக்கும் மரக்கன்றுக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன், மூன்று ஆண்டுக்காவது குத்தகையை எழுத்தில் பெற்றுத்தர முயல வேண்டும். அது முடியாத இடத்தில் கொழிஞ்சி, சணப்பு போல அந்தப் பருவத்திலேயே மடக்கி உழுது பலன் காணக்கூடிய பசுந்தாள் உரப்பயிர்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.