புது மீன் தொட்டியில் செய்யக்கூடாத தவறுகள்

புதுத் தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாவதற்கு முக்கியக் காரணம், தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வருவதுதான். தண்ணீர் பளிச்சென்று தெரியும், ஆனால் அதில் மீன் வாழ முடியாது. மீன் செவுள் வழியாக எந்நேரமும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை, அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இவை ஃபில்டருக்குள் போதிய அளவு பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடாமல், தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு ஃபில்டரை ஓட விடுங்கள். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார்.

அவசரப்பட்டு மீனை விட்டால் என்ன ஆகும்? மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவந்திருக்கும். விளையாடுகிறது என்று நினைத்து ரசிப்பவர்களும் உண்டு. பாவம், அது மூச்சுத் திணறல். உடனே பாதித் தண்ணீரையாவது மாற்றுங்கள்.

அடுத்தது, அதிகப்படியான சுத்தம். மொத்தத் தண்ணீரையும் கொட்டி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை தேய்த்தால், அத்தனை வாரம் வளர்த்த பாக்டீரியாவும் போய்விடும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை நாலு தடவை பிழியுங்கள். பழுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். சில ஊர்களில் கிருமி நீக்கக் கலக்கும் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) உள்ள தண்ணீரை ஒரு நாள் வெறுமனே வைத்திருந்தாலும் சரியாகாது.

தீனி விஷயம் எளிது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, அவ்வளவுதான்.

அப்புறம், மீனைப் பற்றி விசாரிக்காமல் வாங்குவது. தொட்டிக்கு ஏற்ற அளவில்தான் மீன் வளரும் என்பார்கள். நம்பாதீர்கள், வளர்ச்சி குன்றி, நோய்ப்பட்டுச் சீக்கிரம் செத்துப்போகும். கோல்டுஃபிஷ் ஒழுங்காக வளர்த்தால் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும், 15 செ.மீ.யையும் தாண்டும். அதை உருண்டைக் கிண்ணத்தில் அடைப்பது கொடுமை. ஃபைட்டர் மீன் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் என்பதால் சின்ன ஜாடி போதும் என்று விற்கிறார்கள். அதற்கும் 20 லிட்டராவது இடமும், ஃபில்டரும், 25 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பும் வேண்டும். இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் கிழித்துக்கொள்ளும். நியான் டெட்ரா கூட்டத்தில் வாழ்வது. ஆறுக்குக் குறைவாக வாங்கினால் பயந்து மூலையிலேயே கிடக்கும். டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் கழிவைத் தின்று வாழாது. அதற்கும் தனியாகத் தீனி வேண்டும், அது 30 செ.மீ.க்கு மேல் வளரும்.

அப்படி வளர்ந்து சமாளிக்க முடியாத மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. விடுதலை கொடுத்ததாக நினைக்கிறோம். ஆனால் பல நாடுகளின் ஆறுகளில் சக்கர் மீன் பெருகி, உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.