பழைய தோட்டங்களில் வளர்ந்த கிளாடியோலஸ்: முதல்முறை நடுபவர்களுக்கு

கிளாடியோலஸ் என்றதும் பூக்கடை வாளியில் நிற்கும் உயரமான, தடித்த பூந்தண்டுகள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். நூறு, இருநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பியத் தோட்டங்களில் வளர்ந்தவற்றைப் பார்த்தால் அதே செடியா என்று சந்தேகம் வந்துவிடும், அவற்றில் பல அவ்வளவு மெலிந்தவை, பூவும் சிறியது, சிலவற்றுக்கு இரவில் மட்டும் மணம் எழும். எனக்கு இவைதான் அதிகம் பிடிக்கும். ஒரு சின்னப் பாத்தியிலோ நாலைந்து தொட்டிகளிலோ இவற்றை வளர்க்க முடியும்.

முதல் படி: எந்தப் பருவத்தில் வளரும் என்று பாருங்கள்

கிழங்கு வாங்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். கிளாடியோலஸில் 250-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் நட்டால் பாதி வீணாகும். மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த பைசான்டினஸ், இட்டாலிகஸ் இரண்டும், தென்னாப்பிரிக்காவில் குளிர்கால மழை பெய்யும் கேப் பகுதியைச் சேர்ந்த டிரிஸ்டிஸும் குளிர்காலத்தில் இலைவிட்டு, வசந்தத்திலோ கோடையின் தொடக்கத்திலோ பூத்து, வெயில் ஏறியதும் அடங்கிவிடும். இவற்றை இலையுதிர் காலத்தில் நட வேண்டும். டாலெனி, பாபிலியோ, முரியலே ஆகியவை கோடை மழை நிலங்களிலிருந்து வந்தவை, அவற்றையும் அவற்றின் வழியில் வந்த பெரிய கலப்பினங்களையும் உறைபனி முடிந்த பிறகு வசந்தத்தில் நடுங்கள்.

நான் ஆரம்பத்தில் டிரிஸ்டிஸ் கிழங்குகளை வசந்தத்தில் நட்டேன். புல் மாதிரி நாலு இலை வந்தது, வெயில் வந்ததும் காய்ந்தது, அந்த வருடம் ஒரு பூவும் இல்லை.

இரண்டாம் படி: ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குவதற்கு பைசான்டினஸ் நல்லது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயத் தோட்டங்களுக்குள் வந்துவிட்ட செடி, மிதமான உறைபனியைத் தாங்கும், ஒருமுறை ஊன்றிவிட்டால் அதே இடத்தில் வருடக்கணக்காகப் பெருகும். சிக்கல் என்னவென்றால், இந்தப் பெயரில் விற்பதில் நிறைய போலி. உண்மையானது அடர்ந்த மெஜந்தா நிறம், கீழிதழ்களில் மெல்லிய வெளிர் கோடு இருக்கும். வெளிறிய ரோஜா நிறத்தில் சின்னப் பூக்கள் வந்தால் சந்தேகப்படுங்கள், அது இட்டாலிகஸாக இருக்கலாம். ஒரு பூவைப் பறித்து மகரந்தப் பையையும் அதைத் தாங்கும் காம்பையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்: இட்டாலிகஸில் பை காம்பைவிட நீளமாக இருக்கும்.

அடுத்து கால்வில்லி. இது 1823-இல் லண்டன் செல்சியில் ஜேம்ஸ் கால்வில் என்பவரின் நாற்றங்காலில் பிறந்த கலப்பினம். வெளிர் மஞ்சளான, இரவில் மணக்கும் டிரிஸ்டிஸ் ஒரு பெற்றோர், செக்கச் சிவந்த கார்டினாலிஸ் இன்னொன்று. இந்த வரிசையில் வந்த வெள்ளை ரகமான 'தி பிரைட்' இன்றும் கிடைக்கிறது. ஒன்றரை அடிதான் வளரும், தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. குளிர் கடுமையான ஊர் என்றால் கண்ணாடிக் கூரைக்குள் வைத்துவிடுங்கள்.

பெரிய பூக்கள்தான் வேண்டும் என்றால் காண்டவென்சிஸ் வழி. பெல்ஜியத்தில் உருவான இந்தக் கலப்பினத்தை கென்ட் நகரின் லூயி வான் ஹூட் 1841-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று பூக்கடையில் பார்க்கும் பெரிய பூக்களின் முன்னோர் வரிசையில் இதற்கு முக்கிய இடம் உண்டு. பிரான்சில் ஃபோன்டைன்ப்ளோ அரண்மனைத் தோட்டக்காரர் சூஷே இதிலிருந்து ஏராளமான ரகங்களை எடுத்தார். இங்கிலாந்தில் பிரெஞ்ச்லியென்சிஸ் என்ற செக்கச் சிவந்த ரகம் பரவியது, ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜீக்கில் தன் மன்ஸ்டெட் வுட் தோட்டத்தில் சிவப்புச் செடிகளுக்கு நடுவே விரும்பி நட்டது அதைத்தான்.

முரியலே பற்றியும் ஒரு வார்த்தை: கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, வெள்ளைப் பூ, நடுவில் அடர் ஊதா, நல்ல மணம். பழைய பட்டியல்களில் அசிடாந்தெரா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாம் படி: நடுவது

கிழங்கை வாங்கும்போது அகலத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தட்டையாக விரிந்ததைவிட, உயரமாகத் திரண்டிருக்கும் கிழங்குதான் நன்றாகப் பூக்கும். அழுத்திப் பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் விட்டுவிடுங்கள்.

ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். நீர் தேங்கவே கூடாது, களிமண் என்றால் கரடுமுரடான மணல் கலந்து மேட்டுப்பாத்தி போடுங்கள், புதுச் சாணத்தைக் கிழங்குக்குப் பக்கத்தில் போடாதீர்கள், அழுகிவிடும். பெரிய கலப்பினங்களை 12 முதல் 15 செ.மீ. ஆழத்திலும், சின்ன இனங்களை 8 முதல் 10 செ.மீ. ஆழத்திலும், முளை மேலே பார்க்கும்படி, 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விட்டு நடுங்கள். மேலோட்டமாக நட்டால் பூக்கும் நேரத்தில் செடி சாய்ந்துவிடும். வரிசையாக நடாமல் ஏழெட்டுக் கிழங்குகளைக் கும்பலாக நட்டால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், பார்க்கவும் அழகு. பைசான்டினஸைப் புல்வெளிக்குள்ளும் நடலாம், ஆனால் அதன் இலை தானாகக் காயும்வரை அங்கே புல் வெட்டக்கூடாது.

நான்காம் படி: பூக்கும்வரை

இலை வந்ததிலிருந்து மொட்டு விரியும்வரை மண் காயாமல் ஈரம் இருக்க வேண்டும். கோடை ரகங்கள் நட்டு 70 முதல் 100 நாளில் பூக்கும். உயரமானவற்றுக்குக் குச்சி வேண்டும், கிழங்கு நடும்போதே ஊன்றிவிட்டால் பிறகு அதைக் குத்திவிடாமல் தப்பிக்கலாம். இலையில் வெள்ளிக் கீற்றுகள் தெரிந்து, மொட்டு விரியாமலே கருகினால் அது இலைப்பேன், மிகச் சிறிய பூச்சி. பாதித்த தண்டுகளை உடனே வெட்டி அப்புறப்படுத்துங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பூவை வெட்டும்போது செடியில் நாலு இலையாவது இருக்கட்டும், அடுத்த வருடத்துக் கிழங்கைத் திரட்டுவது அந்த இலைகள்தான்.

ஐந்தாம் படி: எடுத்து வைப்பது

பைசான்டினஸைத் தொட வேண்டாம். காண்டவென்சிஸ் போன்றவற்றை, உறைபனி விழும் ஊர்களில், பூத்து ஆறு வாரம் கழித்துத் தோண்டுங்கள். பழைய கிழங்கு சுருங்கி அடியிலும் புதியது அதன் மேலும் இருக்கும். காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் உலர்த்தினால் பழையது கையாலேயே கழன்று வந்துவிடும், அதைத் தூக்கிப் போடுங்கள். புதியதை வலைப்பையில் போட்டு 4 முதல் 10 டிகிரி குளிரில், ஈரமில்லாமல் வையுங்கள். நடுவில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், மேல்தோல் பழுப்பாகிப் பிசுபிசுத்தால் இலைப்பேன் உள்ளேயே இருக்கிறது.

அப்புறம், அடியில் ஒட்டியிருக்கும் பட்டாணி அளவுக் குட்டிக்கிழங்குகளைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ஓடு கடினமாக இருக்கும், நடுவதற்கு முன் ஒரு இரவு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். பல பழைய ரகங்கள் இப்படி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறித்தான் பிழைத்திருக்கின்றன, அதனால் ஒவ்வொரு பைக்குள்ளும் ரகத்தின் பெயரையும் வருடத்தையும் பென்சிலில் எழுதிப் போடுங்கள். பேனா மை அழிந்துவிடும்.