பேசாமல் எழுதுங்கள்: அரை மணியில் 108 யோசனைகள்

கூட்டத்தில் முதலில் பேசுபவரின் யோசனையைச் சுற்றியே மற்றவர்களும் ஓடுவார்கள். மேலாளர் வாயைத் திறந்துவிட்டால் கதை முடிந்தது. எழுதவிடுங்கள். 1960களின் இறுதியில் ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் வகுத்த 6-3-5 முறை இதற்கு அருமையானது.

6 பேர். ஆளுக்கொரு தாள், அதில் 3 பத்தி, 6 வரிசை கொண்ட கட்டம். 5 நிமிடத்தில் முதல் வரிசையில் 3 யோசனை எழுதி, தாளைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுங்கள். வந்த தாளைப் படித்து, அதை வளர்த்தோ புதிதாகவோ அடுத்த வரிசையை நிரப்புங்கள். இப்படி 6 சுற்று: 6 பேர் × 3 யோசனை × 6 சுற்று = 108.

சொதப்புவது பெரும்பாலும் யோசனை கேட்டு குழுவிடம் வைக்கும் கேள்விதான். "விற்பனையை எப்படிக் கூட்டலாம்?" என்றால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். "முதல்முறை வாங்கியவரை ஒரு மாதத்துக்குள் திரும்ப வரவைப்பது எப்படி?" என்று கேளுங்கள். தாளில் எழுதும்போதும் 'விளம்பரம்' என்ற ஒற்றைச் சொல் அடுத்தவருக்குப் புரியாது. முழு வாக்கியம் வேண்டும்.